கஸ்பார் மோத்தாவின் சுழியம்

அன்று காலை வேம்படித்துறை மைதானத்துத் தகரக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கஸ்பார் மோத்தா இருந்தார். அவருடைய மனைவியின் தம்பி லியோன் கொரைரா இருந்தார். சூசை மச்சாது, தொபியாஸ் வாஸ், மிக்கேல் ரொட்ரிகோ, ஜெபமாலை பர்னாந்து ஆகிய நால்வரும், கணவர் போனபின் குடும்பத் தலைமையை ஏற்றிருந்த பிலோமினா கர்வாலோவும் இருந்தார்கள். ஆக எழுவர். கஸ்பாரின் ஒரே மகனும் சந்தியாகப்பர் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பருமான ரெமிஜியுஸ் கதவோரம் நின்றிருந்தான். அனைத்துலகக் கழகப் பேரவையிலிருந்து வந்த அளவையாளர் மெய்யம்மை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். மொத்தம் ஒன்பது பேர். இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் தானும் உள்ளே இருந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கொட்டகையில் நாற்காலிகளே எட்டுதான்.

எழுவரும் உட்கார்ந்திருந்த வரிசைக்கும் ஒரு முறை உண்டு. சந்தியாகப்பர் பெருநாளில் கொடி ஏற்றும்போது கயிறு பிடிக்கும் ஏழு குடும்பங்களின் வரிசை அது. முதல் கை மோத்தா குடும்பத்துடையது. மூன்று மாதத்துக்கு முன் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் அணியின் தீவிர ரசிகர்கள் எழுவரின் பெயரை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். கழகத்தார் மறுயோசனையே இல்லாமல் கயிறு பிடிக்கும் எழுவரின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்குக் கால்பந்து பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. ஏழு பேர் என்று கேட்ட இடத்தில் வேறு ஏழு பேரை எழுதியிருந்தால் அடுத்த பெருநாளில் கொடி ஏறியிருக்காது.

மெய்யம்மை மேசைமேல் ஒரு கறுப்புப் பட்டையை வைத்தார்.

"கையை நீட்டுங்க ஐயா."

கஸ்பார் நீட்டவில்லை. எழுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் இழுவைப்படகு செலுத்தி, தன்னைவிட நூறு மடங்கு பெரிய கப்பல்களைக் கரை சேர்த்தவர். விவரம் தெரியாமல் கை நீட்டிப் பழக்கமில்லை.

"இது எதைப் பார்க்கும்?"

"நம்பிக்கையை."

"எது மேல உள்ள நம்பிக்கை?"

"நடக்கப்போற ஆட்டத்து மேல. நாடி, தோல் சூடு, வேர்வை எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். இந்த ஆட்டம் நடக்கலேன்னா உங்களுக்கு ஏதாவது குறையுமா? எதுவுமே குறையாதுன்னா சுழியம். உயிரே போயிரும்னா நூறு."

"வாயால கேட்டா நானே சொல்லுவேனே. பட்டை எதுக்கு?"

"வாயால கேட்டுத்தான் ஐயா முதல் ரெண்டு வருஷம் கெட்டுப்போச்சு. எல்லாரும் நூறுன்னு சொன்னாங்க. மைதானத்துல ஒருத்தரும் இல்ல."

அவர் சொன்னது உண்மை. உலகக் கழகக் கோப்பையில் ஒரு காலத்தில் எட்டே அணிகள் ஆடின. பிறகு பதினாறு, முப்பத்திரண்டு என்று வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் முகம் சுளித்த ஒவ்வொரு முறையும் பேரவை இரண்டால் பெருக்கியது. இந்த ஆண்டு அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு அணிகள். தென்துருவ ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓர் அணி இருந்தது. ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்றுக்கும் இருந்தது. ஆனால் அங்கே பந்து வெளியே போனால் திரும்பி வராது. உலகத்தில் இனி சேர்ப்பதற்கு அணியே இல்லை என்ற நிலை வந்தபோது, பார்ப்பதற்கும் ஆளில்லை என்பது தெரிந்தது. அதற்குத்தான் பட்டை. ஓர் அணியின் எழுவருக்கும் சராசரி நாற்பது வர வேண்டும். வராவிட்டால் அந்த ஆட்டம் நடக்கவில்லை என்று பதிவாகும்.

"ஆடி முடிச்ச பிறகுமா?" என்று கேட்டார் பிலோமினா.

"ஆடினாலும் நடக்கலைதாங்க. போன வருஷம் தென் அமெரிக்காவுல ஒருத்தருக்கு நடக்காத ஆட்டத்துல கால் முறிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில எப்படி முறிஞ்சுதுன்னு கேக்கிறாங்க, அவரால சொல்ல முடியல. மாடிப்படியில விழுந்தேன்னு எழுதிக் குடுத்தார். அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது."

பட்டை வரிசையாகக் கை மாறியது. லியோனுக்கு அறுபத்தொன்று காட்டியது. அவர் எதையும் நம்புகிறவர். தொலைபேசியில் வரும் எல்லாச் செய்தியையும் நான்கு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் காபி குடிப்பார். மற்ற ஐவருக்கும் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவே நின்றது. கடைசியாக, முதல் கைக்காரரான கஸ்பார் மணிக்கட்டை நீட்டினார்.

பட்டை ஒளிர்ந்தது. சுழியம் என்று காட்டியது.

மெய்யம்மை பட்டையைக் கழற்றி ஆட்டிப் பார்த்தார். தன் கையில் கட்டிப் பார்த்தார். திரும்பக் கட்டினார். சுழியம்.

"ஐயா, எனக்கு இது ஏழாவது வருஷம். ரெண்டாயிரம் பேரைப் பார்த்திருக்கேன். சுழியம் இப்பத்தான் பார்க்கிறேன்." அவர் குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் மரியாதையும் இருந்தது. "ஒரு ஊர்ல ஆடு ஒண்ணு பட்டையை மெல்ல வந்துச்சு. அதுக்கே மூணு காட்டுச்சு."

"இப்ப எவ்வளவு குறையுது?" என்றார் லியோன்.

"ஆறு பேருக்கும் சேர்த்து இருநூத்தி எழுபத்தொண்ணு. இருநூத்தி எண்பது வேணும். ஐயாவுக்கு ஒன்பது வந்தாப் போதும்."

"அப்ப மூணு ஆட்டைப் பிடிச்சு உக்கார வச்சிருவோம் அத்தான். நீங்க வீட்டுல இருங்க."

கஸ்பார் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார்.

மெய்யம்மை ஒரு படிவத்தை எடுத்தார். "ஆளை மாத்தலாம். வழி இருக்கு. நீக்கிறதுக்குக் காரணம் மட்டும் எழுதணும்."

லியோன் அதை வாங்கிப் படித்தார். "காரணம்: இறப்பு அல்லது தகுதியின்மை." படிவத்தை மடித்துக் கஸ்பார் முன்னால் வைத்தார். "ரெண்டுல எது வசதி அத்தான்?"

மோத்தா குடும்பத்து முதல் கை தகுதியற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. மச்சாது இரண்டாவது கை. அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோல்ல நிக்கிறது பெத்த மகன்," என்றார் பிலோமினா மெதுவாக. "அதுக்குக்கூடவா ஏறாது?"

"அதை இது கழிச்சிரும் அம்மா. பிள்ளை ஆடினா எல்லாருக்கும்தான் எகிறும். முதல்ல எல்லா அணியும் அம்மா அப்பாவாப் பார்த்து உக்கார வச்சு ஏமாத்தினாங்க. அதனால ரத்தபாசத்தைப் பிரிச்சு எடுத்து எறிஞ்சிட்டு மிச்சத்தைக் காட்டுற மாதிரி செஞ்சுட்டாங்க." மெய்யம்மை கஸ்பாரைப் பார்த்தார். "மிச்சம் எதுவுமே இல்லாம நான் பார்த்தது உங்ககிட்டதான்."

எல்லோரும் கதவோரம் பார்த்தார்கள். ரெமிஜியுஸ் கையுறைகளை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனான். அவனுக்கு முப்பத்தொன்பது வயது. ஐஸ் ஆலையில் மேற்பார்வையாளர். இதைவிடப் பெரிய ஆட்டம் இனி அவனுக்கு வரப்போவதில்லை. அது நடந்ததாகவே பதிவாகாமல் போகப்போகிறது. அதுவும் அவன் தகப்பனால்.

"நீங்க கொஞ்சம் நம்பக் கூடாதா அத்தான்?" என்றார் லியோன்.

"நம்புறதுக்கு அதுல என்னல இருக்கு? இந்தக் கோப்பைக்குள்ள வராத அணின்னு ஒண்ணைச் சொல்லு."

லியோன் யோசித்தார். "இல்ல."

"எல்லாரும் உள்ள இருந்தா அதுக்குப் பேரு கோப்பையா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நம்ம ஊருல நாலு பஞ்சாயத்துக்குள்ள ஆடின காலத்துல தோத்தவன் ஒரு வருஷம் தலை குனிஞ்சு நடந்தான். அது ஆட்டம். இதுல தோத்தா உன்னோட சேர்ந்து முப்பதாயிரம் பேர் தோத்திருப்பான். தலை குனியக்கூட இடம் கிடைக்காது."

இதில் தவறு எதுவும் இருந்ததாக யாராலும் சொல்ல முடியவில்லை. பட்டை மட்டும் சுழியத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் செலின் சாப்பாடு பரிமாறினார். கணவருக்கு நெத்திலிக் குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றார்.

"தம்பி வந்து சொன்னான். சுழியமாமே."

"ஆமா."

"பெருமையாச் சொல்லுதீய."

"கேட்ட, சொன்னேன்."

"பிள்ளைக்குப் பத்தொன்பது வயசுல ரயில்வே அணிக்கு ஆள் எடுத்தாவ. எடுத்தவரு உங்களோட ஒண்ணாப் படிச்சவரு. ஒரு கடுதாசி எழுதுங்கன்னு நான் கெஞ்சினேன். மோத்தா வீட்டுல யாரும் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்லைன்னு சொன்னீய. பிள்ளை ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசல. இருபது வருஷமா ஐஸ் உடைக்கான்."

கஸ்பார் சோற்றைப் பிசைந்தார். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊரில் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. கஸ்பாரின் தகப்பனார் லாசர் மோத்தாவின் காலத்தில் ஓர் ஆளுநர் வந்தார். ஒலிபெருக்கியில் "இப்போது கைதட்டுங்கள்" என்று சொன்னார்கள். இரண்டாயிரம் பேர் தட்டினார்கள். லாசர் மோத்தா இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஆளுநர் அவரைக் கவனித்து, என்ன குறை என்று ஆள் அனுப்பிக் கேட்டார். "குறை ஒன்றும் இல்லை, இன்னும் எதுவும் நடக்கவில்லை" என்று பதில் போயிற்று. அந்த வீட்டில் பிறந்தவர் கேட்கவும் மாட்டார், கேட்டதற்காகத் தட்டவும் மாட்டார்.

ஆனால் அவர் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருந்தது. மெய்யம்மை ஒரு பயிற்சிக் கையேடு கொடுத்திருந்தார். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று கோப்பையின் முழுப் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. கஸ்பார் சவரம் செய்துகொண்டே சொன்னார். இரண்டாம் நாள் கன்னத்தில் வெட்டிக்கொண்டார். முதல் சுற்று ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தார். ஒரு மடத்துத் துறவிகளும் ஒரு தீயணைப்பு நிலையத்தாரும் ஆடினார்கள். இருபதாவது நிமிடத்தில் எங்கோ மணி அடித்தது. இரண்டு அணியுமே போய்விட்டன. ரசிகர்கள் எழுவருக்கும் நாற்பத்து மூன்று என்று காட்டியது.

"அவியளுக்கு எப்படி ஏறுது?" என்று மெய்யம்மையிடமே கேட்டார்.

"அந்த எழுவரும் பனியில ஒன்பது மணி நேரம் நடந்து வந்தாங்க ஐயா. அவ்வளவு பாடுபட்டு வந்தபிறகு நம்பாம இருக்க முடியுமா?"

ஒவ்வொரு மாலையும் பட்டை கட்டிப் பார்த்தார். சுழியம்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் ரெமிஜியுஸ் அவரிடம் வந்தான். வாசலில் நின்றுகொண்டே பேசினான்.

"எப்பா, அதை விடுங்க. கஷ்டப்படாதீய."

"நான் கஷ்டப்படல."

"கன்னத்துல வெட்டு தெரியுது."

கஸ்பார் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "எதிராளி எப்படி?"

"நார்வே. ஸ்கார்விக்குன்னு ஒரு ஊரு. நம்மள மாதிரி மீன்பிடிக்காரங்கதான். எல்லாரும் ஆறடி. இடதுபக்கம் ஒருத்தன் இருக்கான், நம்ம பள்ளிக்கூடத்து டேவிட் சார் மாதிரியே தொப்பை." சிரித்தான். "ஆடிட்டு வந்திருதோம். நடந்தா என்ன, நடக்காட்டி என்ன."

அவன் போனபின் கஸ்பாருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் நின்றது. தன் மகனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் பிற்பகல் மூன்றரைக்கு ஆட்டம். ஸ்கார்விக்காரர்கள் வெயிலில் இறால் நிறத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய எழுவருக்கும் நாற்பத்திரண்டு. இரண்டு நாள் பயணம் செய்து, ஒரு விமான நிலையத்தில் பெட்டிகளையும் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள். நம் எழுவரும் பட்டை கட்டிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தின் தென்கோடியில் பேரவையின் பெரிய பலகை நின்றது. பட்டைகளிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு வாங்கி, நடக்கிறது என்றோ நடக்கவில்லை என்றோ காட்டும். நடக்கிறது என்று காட்டும் நிமிடங்களில் மட்டும்தான் ஆட்டக் கடிகாரம் ஓடும். அப்படித் தொண்ணூறு நிமிடம் சேர வேண்டும். மைதானத்தில் விளக்கு கிடையாது. சூரியன் ஆறேகாலுக்கு இறங்கும். அதற்குள் சேராவிட்டால் எல்லாமே நடக்காததுதான்.

நடுவர் ஊதினார். பலகை 'நடக்கவில்லை' என்றது.

ஸ்கார்விக் தலைவர் மெய்யம்மையிடம் வந்து ஏதோ சொன்னார். மெய்யம்மை நம்மவர்களிடம் சொன்னார்: "அவங்க ரெண்டு நாள் பயணம் பண்ணி வந்தாச்சாம். நடக்கலேன்னாலும் பரவாயில்ல, ஆடுவோம்கிறாங்க."

"ஆம்பளை," என்றார் லியோன்.

ஆடினார்கள். கோப்பை இல்லை, சுற்று இல்லை. கடலோரத்தார் இருபத்திரண்டு பேர் மணலில் பந்தைத் துரத்தினார்கள். முதல் நிமிடத்திலேயே அந்தத் தொப்பைக்காரர் இடதுபக்கம் இரண்டு பேரைத் தாண்டிப் பந்தை உதைத்தார். ரெமிஜியுஸ் வலப்பக்கம் சாய்ந்தவன் இடக்காலால் தட்டி வெளியே அனுப்பினான். கஸ்பார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அது அவருக்குத் தெரியவில்லை. மெய்யம்மைதான் அவர் மணிக்கட்டைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு.

பலகை 'நடக்கிறது' என்று மாறியது. உடனே சங்கு ஊதியது. கோப்பையின் கீதம் நான்கு விநாடி ஒலித்தது. ஒரு பெண்குரல் கணீரென்று அறிவித்தது: "உலகக் கழகக் கோப்பை. முதல் சுற்று. ஆட்ட எண் இருபத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு."

கஸ்பார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சுழியம்.

அடுத்த நிமிடம் பலகை 'நடக்கவில்லை' என்றது.

கோப்பை போய்விட்டதால் ஆட்டம் மறுபடி ஆட்டமாயிற்று. கஸ்பார் முன்னால் சாய்ந்தார். நாற்பது. பலகை 'நடக்கிறது'. சங்கு, கீதம், பெண்குரல். சுழியம். 'நடக்கவில்லை'.

"அந்தக் குரலை நிறுத்துங்கம்மா," என்று லியோன் கத்தினார். "அதைக் கேட்டதும்தான் எங்க அத்தானுக்கு இறங்குது!"

"நிறுத்த முடியாதுங்க. அறிவிக்காத ஆட்டம் நடக்கலைன்னு அதுக்குத் தனியா ஒரு விதி இருக்கு."

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. பத்து நிமிடம் இளைப்பாறினார்கள்; மறுபடியும் இதே கதை. ரெமிஜியுஸ் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த மூன்று தடுப்புகளை அன்று செய்தான். மூன்றும் நடக்காத நிமிடங்களில். ஒரு பந்தை விரல்நுனியால் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தள்ளினான். ஸ்கார்விக் ரசிகர்களே எழுந்துவிட்டார்கள். பலகை அதை ஒப்புக்கொள்ளவில்லை. கஸ்பாருக்குத் தொண்ணூற்று மூன்று ஏறியது. பலகை ஒப்புக்கொண்ட மறுகணம் அது இல்லாமல் போனது. அவர் தன் மனதை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. ஆட்ட எண் இருபத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று கேட்டதும் அவருக்குள் ஏதோ ஒன்று, லாசர் மோத்தாவின் கைகளைப்போல், முழங்கால்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஐந்தரை மணி ஆயிற்று. ஆட்டக் கடிகாரத்தில் ஐம்பத்தைந்து நிமிடம்தான் ஓடியிருந்தது. இன்னும் முப்பத்தைந்து வேண்டும். இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் எழுபது நிமிடம் ஆகும். வெளிச்சம் அதுவரை நிற்காது. ஸ்கார்விக் தொப்பைக்காரர் தரையில் மல்லாந்து கிடந்தார். அவர் காலை நம் பின்காப்பாளர் ஒருவரே பிடித்து நீவிவிட்டுக்கொண்டிருந்தார். ரெமிஜியுஸ் கம்பத்தில் தலையைச் சாய்த்து நின்றான். அவன் ஒரு காலை மடக்கியே வைத்திருந்தது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. ஆனாலும் பந்து வந்தபோதெல்லாம் அவன் விழுந்தான். விழுந்து எழுந்தபோதெல்லாம் பலகையைப் பார்த்தான். தகப்பன் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கஸ்பார் எழுந்தார். சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். மெய்யம்மையின் மேசைக்கு நடந்து போனார்.

"அம்மா. என் பேருக்கு நேரா ஒன்பதுன்னு போட்டுக்கோங்க."

"என்ன ஐயா?"

"ஆட்டம் முடியற வரைக்கும் ஒன்பதுன்னே போடுங்க. பொய்தான். தெரிஞ்சுதான் கேக்கேன்."

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார். லியோன் தன் செருப்பைப் பார்த்தார். மோத்தா வீட்டு முதல் கை, மற்ற ஆறு குடும்பங்களின் முன்னால், முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் சலுகை கேட்கிறது. அதுவும் பொய் எழுதச் சொல்லி.

"நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல," என்றார் கஸ்பார். "இப்ப கேக்கேன்."

தொபியாஸ் வாஸுக்குக் காது மந்தம். "கஸ்பார் என்ன சொல்லுதான்?" என்று உரக்கக் கேட்டார்.

லியோன் அவர் காதோரம் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலவே! சத்தமாச் சொல்லும்!"

"பொய் எழுதச் சொல்லுதாரு!" என்று லியோன் கத்தினார். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. சொன்னது கடற்கரை வரை போயிற்று. இரு அணியினரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெமிஜியுஸும் திரும்பிப் பார்த்தான்.

கஸ்பாரின் காதுமடல்கள் சிவந்தன. ஆனால் அவர் அங்கிருந்து நகரவில்லை.

மெய்யம்மை பேனாவை எடுக்கவில்லை. அவர் கண்கள் கஸ்பாரின் மணிக்கட்டில் இருந்தன. "நான் எதையும் எழுத வேண்டியதில்லைங்க ஐயா," என்றார்.

பதினான்கு காட்டியது.

பலகை 'நடக்கிறது' என்று மாறியது. சங்கு ஊதியது. கீதம் ஒலித்தது. பெண்குரல் கோப்பையையும் சுற்றையும் ஆட்ட எண்ணையும் ஓர் எழுத்து விடாமல் சொல்லி முடித்தது. கொட்டகையில் எல்லாக் கண்களும் ஒரே மணிக்கட்டில் இருந்தன. பதின்மூன்றுக்கு இறங்கியது. பன்னிரண்டு. பதினொன்று. அங்கேயே நின்றது.

அடுத்த நிமிடமும் நின்றது. அதற்கடுத்த நிமிடமும்.

கோப்பையைப் பற்றிய அவருடைய கருத்தில் எள்ளளவும் மாற்றமில்லை. இன்றும் கேட்டால் கணக்கெடுப்பு என்றுதான் சொல்வார். ஆனால் எழுபத்து மூன்று வருடம் காத்த ஒன்றை அந்த ஆட்டத்துக்காகத் தூக்கிக் கொடுத்தாயிற்று. இனி அது நடக்காமல் போவதை அவரால் தாங்க முடியாது. பட்டை கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

மீதி முப்பத்தைந்து நிமிடமும் ஒரேயடியாக ஓடியது. அதில் ஸ்கார்விக்காரர்கள் மூன்று கோல் போட்டார்கள். ரெமிஜியுஸுக்குக் கால் வரவில்லை. முதல் கோல் அவன் கைக்கடியில் போயிற்று. இரண்டாவதை நம் ஆள் ஒருவரே உள்ளே தட்டிவிட்டார். மூன்றாவதைத் தொப்பைக்காரர் அடித்தார். அடித்த இடத்திலேயே விழுந்துவிட்டார்; அவரைத் தூக்கிக்கொண்டுதான் கொண்டாடினார்கள். சூரியன் பனைமட்டத்துக்கு வந்தபோது நடுவர் ஊதினார்.

ரெமிஜியுஸ் நொண்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். தண்ணீர்க் குப்பியைத் தலையில் கவிழ்த்தான். தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றான்.

"மூணு வாங்கிட்டேன்ப்பா."

"பார்த்தேன்."

"ரெண்டாவது என் தப்பு இல்ல."

"மூணும் நடந்துச்சு," என்றார் கஸ்பார்.

ரெமிஜியுஸ் பலகையைத் திரும்பிப் பார்த்தான். ஸ்கார்விக் மூன்று, வேம்படித்துறை சுழியம். கீழே ஆடியவர்களின் பெயர்கள் ஓடின. ரெமிஜியுஸ் மோத்தா, கோல்கீப்பர், தொண்ணூறு நிமிடம். அது மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அம்மா சொல்லியும் நீங்க கடுதாசி எழுதலைன்னு நான் கோவப்படல," என்றான். "கோவம் இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்."

"சரி," என்றார் கஸ்பார். "கால்ல தைலம் போடு. போ."

அந்த வருடம் கோப்பையை யார் வென்றார்கள் என்பது வேம்படித்துறையில் யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் அணிகள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அவ்வளவு அணிகளுக்கு எங்கே போவார்கள் என்று மெய்யம்மையிடம் கேட்டதற்கு, ஒவ்வொரு கழகத்தையும் இரண்டாகப் பிரித்துவிட யோசிக்கிறார்கள் என்றாராம்.

கஸ்பார் மோத்தா அந்த அதிகாரியின் காலடியில் மண்டியிட்டுக் கெஞ்சினார் என்று பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அவர் நின்றபடிதான் கேட்டார்.